சாக்பீஸ் குளியலறை

ரமாபாய்க்கு என்ன வேலை என்று அவள் வசித்த வியாசர்பாடி குடியிருப்பில் யாரைக் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல இன்னாவோ கோடு போடுது" என்பார்கள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவைக் கேட்டால் மட்டும், "பி.டி.எஃப்ப பிரிச்சி மேயற வேலைப்பா" என்று பதில் வரும். அக்கா சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடியாது.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம், இரும்புக் குழாய் விற்கும் கடைக்கு மேல்மாடியில், வால்டர் என்பவர் நடத்தும் வரைபட ஆபீஸ். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருக்கும் இரும்புப் பட்டறைகளுக்கு எங்கெங்கிருந்தோ வரைபடங்கள் வரும். அனுப்புகிறவன் ஒழுங்காக அனுப்புவானா? மாட்டான். பி.டி.எஃப் ஆக்கித்தான் அனுப்புவான். பி.டி.எஃப் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அல்வா மாதிரி. பார்க்கலாம், கை வைக்க முடியாது. பட்டறைக்காரனுக்கோ ஆட்டோகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் திறக்கிற கோப்பு வேண்டும். அப்போதுதான் ஒரு கோட்டை நகர்த்தலாம், ஓர் ஓட்டையைப் பெரிதாக்கலாம், தகடு வெட்டும் மிஷினுக்குக் கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருந்தவள் ரமாபாய்.

"இம்போர்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அமுக்கினால் வந்துவிடாதா?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. வரும். ஒரு வட்டம் நூறு துண்டாக வரும். எழுத்துகள் எழுத்தாக வராமல் கோழி கிளறிய மாதிரி வரும். ஸ்கேன் செய்த தாள் என்றால் கோடே வராது, வெறும் படம்தான். அதைக் கீழே போட்டு, மேலே முதலிலிருந்து வரைய வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லங்கம், அளவு. தாளில் ஒரு சாண் இருக்கும் கோடு நிஜத்தில் ஆறு மீட்டரா அறுபது மீட்டரா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அளவு தெரிந்த ஒன்றைக் காட்டி, "இது இவ்வளவு" என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னால் மற்ற எல்லாம் அதற்கேற்ப விரிந்துகொள்ளும். அந்த ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டாலும் விரிந்துகொள்ளும். எல்லாமே தப்பாக இருக்கும், ஆனால் பார்வைக்குக் கச்சிதமாக இருக்கும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

அதனால் வால்டரின் ஆபீஸில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "ஒரு அளவ வெச்சி இழு. இன்னொரு அளவ வெச்சி செக் பண்ணு. செக் பண்ணாம என் டேபிளுக்கு வராத." ரமாபாய் அந்த ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சட்டத்தை மீறியதில்லை. மீறியது ஒரே ஒரு தடவை. அதுவும் தன் சொந்த வீட்டு விஷயத்தில்.

அதைச் சொல்வதற்கு முன் அசோகனைச் சொல்லியாக வேண்டும். அசோகன் அவள் புருஷன். எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மார்க்கிங் வேலை பார்த்தவன். தகட்டை வெட்டும் முன் சிமென்ட் தரையில் நூல் பிடித்து, சாக்பீஸால் நிஜ அளவிலேயே படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். கணக்கில் தப்பியதெல்லாம் தரையில் பல்லைக் காட்டிவிடும். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் அவன் வால்டரின் ஆபீஸுக்கு போன் போட்டான். எடுத்தவள் ரமாபாய்.

"மேடம், உங்க டிராயிங்ல பத்து ஓட்டை கீது. தரைல போட்டா பதினொண்ணு வர்து. எந்த ஓட்டைய நான் அடைக்கட்டும்?"

ரமாபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க டிராயிங் சரியாதான் கீது. உங்க தரைய போயி பாருங்க" என்று வைத்துவிட்டாள். தப்பு, பி.டி.எஃப் அனுப்பியவனுடையது என்று பிறகு தெரிந்தது. அதற்குள் இருவரும் பலமுறை போனில் சண்டை போட்டிருந்தார்கள். சண்டை தீர்ந்த பிறகும் போன் வந்துகொண்டிருந்தது. வால்டர் ஒன்றும் கேட்கவில்லை, கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது மட்டும், "இதயாவது செக் பண்ணினியாமா?" என்றார்.

இரண்டு பேரும் நல்லபடியாக வாழ்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கினார்கள். அரசியல் பேசி அடித்துக்கொண்டார்கள், சினிமா பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் அசோகன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தான். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. அதற்குப் பிறகு சக்கர நாற்காலி.

அவர்கள் இருந்தது அரசாங்க வாரியம் கட்டிக்கொடுத்த பழைய குடியிருப்பு. நல்லவேளை, தரைத்தளம். ஆனால் குளியலறை என்ற பெயரில் இருந்த பொந்துக்கு ஒரு படி ஏறி, ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். நாற்காலி நுழையாது. அதனால் சமையல்கட்டு மூலையில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டி, பிளாஸ்டிக் ஸ்டூலில் அவனை இறக்கி உட்காரவைத்து, ரமாபாய்தான் குளிப்பாட்டினாள். மற்றதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அசோகனுக்குப் பிடிக்காது.

அவன் அழுது புலம்புகிற ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தத் தெருவின் அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தான். வம்பும் வளர்த்தான். ஆனால் ஒரு நாள் அவன் முதுகில் அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, யாரோ திரைக்கு அந்தப் பக்கம் வந்து உப்பு கேட்டார்கள். அவர்கள் போன பிறகு அசோகன் மெதுவாகச் சொன்னான்.

"ரமா, எனக்கு இன்னா வோணும் தெரியுமா? ஒரு கதவு. நானே உள்ள போவணும், சாத்திக்கணும், குளிக்கணும். அவ்ளோதான்மே."

அன்றிலிருந்து எந்தக் கதவைப் பார்த்தாலும் அவள் கண் அதன் அகலத்தைத்தான் பார்த்தது.

குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப காலமாக இருந்தது. ஒரு வழியாக வரைபடம் வந்தது. நடக்க முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் நேரில் வருவார், குறை இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், அதற்கப்புறம் ஒரு செங்கல் நகராது என்றார்கள். குடியிருப்போர் சங்கத்து ஆள் ஒருவர் அறிவிப்புப் போர்டில் ஒட்டியிருந்த படத்தை போனில் போட்டோ எடுத்து, அதை ஏதோ ஆப் வழியாக பி.டி.எஃப் ஆக்கி, வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டார். போட்டோவுக்குச் சட்டை மாட்டிவிட்டால் பி.டி.எஃப் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. அதில் அளவு எண்கள் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரமாபாய் டப்பாவைத் திறக்காமல் அந்தப் படத்தை ஆட்டோகேடுக்குள் கொண்டுவந்தாள். கோணலை நிமிர்த்தினாள். மேலே சுவர் சுவராக வரைந்தாள். இனி அளவு சொல்ல வேண்டும். எண் எதுவும் படிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் ஆபீஸில் இதற்கு ஒரு வழி உண்டு. எண் தெரியாத படத்தில் கதவைத் தேடு. பட்டறைகளின் பம்ப் ரூம், கன்ட்ரோல் ரூம் எல்லாவற்றிலும் கதவு தொள்ளாயிரம் மில்லிமீட்டர்தான். கை தானாகப் படுக்கையறைக் கதவுக்குப் போனது. தொள்ளாயிரம் என்று அடித்தாள். வீடு விரிந்தது.

அசோகனின் நாற்காலியை அவள் ஏற்கெனவே டேப் வைத்து அளந்திருந்தாள். அதைச் சின்னதாக வரைந்து, குளியலறை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். நிலைக்கட்டை போக, இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் இருந்தது. உள்ளே தள்ளினாள். போனது. கதவைச் சுழற்றினாள். மூடிக்கொண்டது.

ரமாபாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது அளவு ஒன்று பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் பார்த்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான். இவ்வளவு நாள் கேட்டது கையில் கிடைத்திருக்கும்போது, இது நிஜம்தானா என்று யார் சுரண்டிப் பார்ப்பார்கள்?

அன்று மாலை செய்தியைக் கேட்டதும் அசோகன் நம்பவில்லை. "சும்மா டபாய்க்காத" என்றான். போனில் படத்தைக் காட்டினாள். படம் அவனுக்குப் போதவில்லை. அவன் தரையில் போட்டுப் பார்க்கிற ஜாதி.

"சாக்பீஸ் எட்தா. அளவு சொல்லு."

ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டான். வாசலுக்கு முன்னால் இருந்த சிமென்ட் தரையில், அவள் ஒரு முனையில் நூலைப் பிடிக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலு சுவரையும் போட்டான். நிலைக்கட்டையைப் போட்டான். கதவு திறக்கும் வளைவைப் போட்டான். குழாய் இருக்கும் இடத்தில் "குழாய்" என்றும் எழுதினான். பிறகு நாற்காலியைத் திருப்பி, வாசல் வழியாக உள்ளே போனான். சக்கரம் கோட்டைத் தொடவில்லை. கையை நீட்டி இல்லாத கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

மலர்க்கொடி அக்கா குடத்தோடு அந்தப் பக்கம் வந்தார். கோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "யோவ், உள்ள ஆள் கீதா?"

"கீது கீது. அப்பாலிக்கா வாக்கா."

தெருவே சிரித்தது. அந்தக் கட்டம் அன்றிலிருந்து அங்கே குளியலறையாகவே ஆகிவிட்டது. பெருக்குகிறவர்கள் அதை விட்டுவிட்டுப் பெருக்கினார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் சுற்றிப் போனார். பாண்டி ஆடுகிற பெண்கள் யாராவது தெரியாமல் கால் வைத்துவிட்டால், "ஏய், அங்கிள் பாத்ரூம்டி!" என்று ஒருத்தி கத்துவாள். குறுக்கே போக வேண்டியவர்கள் தரையில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்துதான் போனார்கள். அசோகன் தினமும் உள்ளே போய் வந்தான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரமாபாய் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஒரு பம்ப் ரூம் படம் வந்தது. ரமாபாய் கதவை வைத்து விரித்தாள், பிறகு சட்டப்படி சுவரை அளந்து சரிபார்த்தாள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருநூற்று முப்பது மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டியது. திருப்தியாகக் கோப்பை மூடும்போது பக்கத்தில் தன் வீட்டுப் படம் திறந்திருப்பதைப் பார்த்தாள். ஏதோ ஒரு பழக்கத்தில் அந்தச் சுவரையும் மவுஸால் ஒரு தட்டுத் தட்டினாள்.

இருநூற்று ஐம்பத்தொன்பது.

இன்னொரு சுவரைத் தட்டினாள். அதுவும் அதேதான். உலகத்தில் எந்தக் கொத்தனாரும் இருநூற்று ஐம்பத்தொன்பதில் சுவர் எழுப்ப மாட்டான். ரமாபாய் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வால்டர் எதிர் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். வால்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். விஷயம் அவருக்கும் தெரியும், ஆபீஸில் எல்லாருக்கும் லட்டு கொடுத்திருந்தாள்.

"கதவு தொள்ளாயிரம்னு யாரு சொன்னா?"

"எப்பவும் தொள்ளாயிரம்தானே சார்."

"அது பம்ப் ரூமுக்குமா. நம்மளாண்ட வூட்டுக்கு அவ்ளோ பெரிய கதவு யாரு வெக்கிறான்? எண்ணூறு இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டாவது அளவு பாக்கலியா?" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சுவரை இருநூற்று முப்பது என்று சொல்லித் திருத்தினாள். ஒரு தட்டில் வீடு முழுவதும் சுருங்கியது. படுக்கையறை சுருங்கியது, சமையலறை சுருங்கியது, குளியலறை வாசல் சுருங்கியது. நாற்காலி மட்டும் சுருங்கவில்லை. வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று விரல் அகலம் போதவில்லை. மூன்று விரல்தான்.

அன்று ரமாபாய் பஸ்ஸில் வராமல் மூலக்கொத்தளம் வரை நடந்தாள். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று ஒரு மனம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை போகட்டும், வீடு கட்டி முடியட்டும், அதுவரைக்குமாவது அவன் சந்தோஷமாக இருக்கட்டுமே. ஆனால் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியரிடம் "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவனே வாயால் சொல்வான். பிறகு ஒரு நாள் புது வீட்டின் புது நிலையில் அவன் சக்கரம் இடிக்கும், அப்போது ஒரு செங்கலும் நகராது. வீட்டு வாசலுக்கு வந்தபோது அவன் சாக்பீஸ் கட்டத்துக்குள் உட்கார்ந்து யாருடைய மிக்ஸியையோ பிரித்துக்கொண்டிருந்தான். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை, குளிப்பாட்டும்போது சொன்னாள். முதுகு தேய்க்கும்போது அவன் முகம் அந்தப் பக்கம் இருக்கும். முகத்தைப் பார்க்காமல் ஒன்றைச் சொல்ல அந்த வீட்டில் அதைவிட வசதியான இடம் கிடையாது.

"யோவ். அந்த அளவு தப்புயா."

அவன் முதுகு இறுகியது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. "எவ்ளோ?"

"மூணு வெரலு பத்தல."

தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்குக் கத்தினார்கள். சோப்பு காய ஆரம்பித்தது.

"ரெண்டாவது அளவு பாக்கலியா நீ?"

"பாக்கல."

"ஏன்?"

"மொத அளவே நல்லா இருந்திச்சு" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "நீ உள்ள போயி கதவ சாத்திக்கிட்ட. கம்ப்யூட்டர்ல பாத்தேன். அதுக்கு மேல எனக்கு எதுவும் பாக்கத் தோணல."

அசோகன் திரும்பவில்லை. "தண்ணி ஊத்துமே. கண்ணுல சோப்பு பூட்ச்சி" என்றான். முதுகுக்குப் போட்ட சோப்பு கண்ணுக்கு எப்படிப் போகும் என்று ரமாபாய் கேட்கவில்லை. தலையில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் வடிந்து முடிந்ததும் அவன் கையைப் பின்னால் நீட்டி, அவள் ஈரக்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன் ரமா."

பிறகு அவன், "இன்னிக்கு சனிக்கெழம. இன்ஜினியர் நாளைக்குத்தானே வர்றாங்க?" என்றான். "பேஜாரு படாத. அந்தப் படத்த எட்த்தா. சொவர் எங்கெங்க கீதுன்னு சொல்லு."

ரமாபாய் ஆபீஸுக்கு லீவு சொன்னாள். பகல் முழுவதும் இரண்டு பேரும் படத்தோடு உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் போனில் போட்ட அதே சண்டை. கதவு உள்ளே திறந்தால் இடம் சாப்பிடுகிறது, வெளியே திறக்க வை என்றான் அவன். வெளியே திறந்தால் சமையலறை வழி அடைபடும் என்றாள் அவள். கக்கூசுக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அது எதையும் தாங்கவில்லை, வெறும் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிப் பெரிய இடம் வரும், இரண்டு சின்னக் கதவுக்குப் பதில் ஒரு பெரிய கதவு வைக்கலாம், சமையலறை வழியும் தப்பும். இதை யார் முதலில் சொன்னது என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. அசோகன் ஈரத்துணியால் பழைய கட்டத்தைத் துடைக்கச் சொன்னான். ரமாபாய் துடைத்தாள், துடைக்க மனசே வரவில்லை. சரியான அளவில் புதிதாகப் போட்டார்கள். இந்தத் தடவை படத்தில் சுவரையும் அளந்தாள், படிக்கட்டையும் அளந்தாள். அலுக்கும்வரை அளந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் ரஹீமுன்னிசா வந்தார். சின்ன வயது, களைத்த முகம். அவரைச் சுற்றி ஒரே கூச்சல். தண்ணீர் எப்போது வரும், லிப்ட் வேலை செய்யுமா, மருமகளுக்குத் தனி வீடு உண்டா. ரமாபாய் பிரின்ட் எடுத்த தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே பார்த்தார்.

"நடுச்சுவரை எடுக்கலாம்மா. தப்பில்ல. ஆனா நான் முடிவு பண்ண முடியாது. மேல அனுப்பணும். ஆகும்னு வாக்கு குடுக்க மாட்டேன்."

"வாக்கு வோணாம் மேடம்" என்றான் அசோகன். "ஒரு தபா வந்து பாத்துட்டுப் போங்க. தோ, அங்கதான்."

ரஹீமுன்னிசா கூட வந்தார். கூட்டமும் பின்னாலேயே வந்து கோட்டுக்கு வெளியே, பழக்கப்படி, ஒருத்தர் கால்கூட உள்ளே படாமல் நின்றது. இன்ஜினியர் அதைக் கவனித்தார். சாக்பீஸ் வாசலுக்கு முன்னால் தானும் நின்றுவிட்டார்.

"வரலாமா?" என்று கேட்டார்.

அசோகன் தலையை மட்டும் ஆட்டினான். அவர் உள்ளே போய் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, அவனை நாற்காலியோடு உள்ளே போகச் சொல்லி, சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார், போனில் படம் எடுத்தார். ரமாபாய் பக்கம் திரும்பினார்.

"இது யாரு வரைஞ்சது? நீங்களா? அப்ப எனக்கு பி.டி.எஃப் அனுப்பாதீங்கம்மா. ஆட்டோகேட் கோப்பாவே அனுப்புங்க. அதைப் பிரிச்சிகிட்டு இருக்க எனக்கு நேரமில்ல."

ரமாபாய் சிரித்துவிட்டாள். இத்தனை வருட வேலையில் அவளிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அதற்கப்புறம் காத்திருப்பு. மழை வந்து கட்டத்தை அழித்தது, அசோகன் மறுபடி போட்டான். கடைசியில் குரூப்பில் திருத்திய வரைபடம் வந்தது. வேறென்ன, பி.டி.எஃப்தான். ஆனால் இந்தத் தடவை ஒழுங்கானது, கோடு கோடாக உள்ளே வந்தது. ரமாபாய் சுவரைச் சரிபார்த்தாள், படிக்கட்டைச் சரிபார்த்தாள், வால்டரைக் கூப்பிட்டு அவரையும் சரிபார்க்க வைத்தாள். பிறகுதான் தரைத்தளத்து மூலை வீட்டின் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

தொள்ளாயிரம் என்று காட்டியது.

அன்றைக்கு அவள் ஆசைப்பட்டுத் தப்பாகச் சொன்ன அதே தொள்ளாயிரம். வால்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "லட்டு எங்கமா?" என்றார்.

கட்டிடம் எழும்பும் வரை ராயபுரத்தில் ஒரு வாடகை வீட்டில், அதே ஸ்டூல், அதே சேலைத் திரையோடு காலம் தள்ளினார்கள். புது வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பெட்டிகள் எல்லாம் கட்டவிழ்க்காமல் கிடந்தன. புத்தர் படம் மட்டும் ஆணியில் ஏறியிருந்தது. அசோகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனான். சக்கரம் எதிலும் இடிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ரமாபாய் வெளியே நின்றாள். குழாய் திறந்தது. ஸ்டூலுக்கு மாறும்போது அவன் முனகியது கேட்டது. ஓடிப்போய்ப் பிடிக்க அவள் கை துடித்தது, அடக்கிக்கொண்டாள். தண்ணீர் விழுந்தது. கேட்கச் சகிக்காத குரலில் ஒரு பாட்டு ஆரம்பித்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, வெளியே சொல்ல வெட்கமாக, கையிலிருந்து எதையோ யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு தவிப்பும் இருந்தது. அந்த முதுகு அவளுக்கு அவ்வளவு பழக்கம். இனிமேல் அதை அவன் கூப்பிட்டால்தான் பார்க்க முடியும்.

பாட்டு நின்றது. "ரமா! துண்டு!"

பெட்டியைக் கிளறித் துண்டை எடுத்தாள். பழக்கத்தில் கை நேராகக் கதவைத் தள்ளப் போனது. பாதியில் நின்றாள். கையை இழுத்துக்கொண்டு, விரலை மடக்கி, அந்தக் கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அசோகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"யாரு?"

"நான்தான்யா." அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

"உள்ள ஆள் கீது. செத்த நேரம் நில்லு."

ரமாபாய் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றாள்.